அம்பாசடர் டிஸ்ட்ரிபியூட்டர் எம்.ஜி.பி.க்கு ஒத்துவருமா?

கேள்வி: அய்யா, லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். போன வருடம் 1971 எம்.ஜி.பி. என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கினேன். ஐடிலில் இஞ்சின் திக்கித் திணறுகிறது. பிளக்குகளுக்கு முறைவைத்துக் கரண்ட் அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டு ஆடுகிறது என்கிறார் மெக்கானிக். மலிவாகப் புதிது வாங்கவா, எலக்ட்ரானிக்குக்கு மாறவா? சென்னையில் அம்பாசடருடையதை வாங்கிப் போட்டால் போதும் என்கிறார் என் மாமா.

பதில்: உங்கள் மாமா விவரமானவர்தான், தம்பி. அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் இஞ்சினும் உங்கள் 1798 சி.சி.யும் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் (பி.எம்.சி.) 'பி சீரிஸ்' என்ற ஒரே வயிற்றுப் பிள்ளைகள். சென்னை பாடியில் உள்ள லூகாஸ் டி.வி.எஸ். கம்பெனியின் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி மாட்டித்தான் என் விரல் காய்த்தது. ஆனாலும் வேண்டாம்.

துளையில் உட்கார்ந்தால் மட்டும் போதாது. உள்ளே இரண்டு எடை, இரண்டு ஸ்பிரிங். வேகம் ஏற ஏற எடைகள் விரிந்து தீப்பொறியை முன்கூட்டியே விழவைக்கும். இதற்குத்தான் அட்வான்ஸ் என்று பெயர். எவ்வளவு முன்னால் என்பது இஞ்சினுக்கு இஞ்சின் மாறும். கம்ப்ரஷன் குறைந்த அம்பாசடருக்கு வைத்த கணக்கு, இரட்டை எஸ்.யூ. கார்ப்புரேட்டர் வண்டிக்குச் சரிவராது. பிக்கப் செத்துப்போகும், இல்லையென்றால் மேட்டில் நாக் அடிக்கும்.

முதலில் தண்டு ஆடுவது உண்மையா என்று பாருங்கள். மூடியையும் அதன் கீழே சுழலும் ரோட்டாரையும் எடுத்துவிட்டுத் தண்டின் தலையைப் பக்கவாட்டில் தள்ளுங்கள். கரண்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் பாயிண்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ.; கேமின் நான்கு முகட்டிலும் ஃபீலர் கேஜ் வையுங்கள். முகட்டுக்கு முகடு மாறினால் தண்டைத் தாங்கும் புஷ் போயிற்று. டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்து வட்டப் பெட்டிக்குப் போகும் வேக்குவம் ட்யூபை வாயில் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பாருங்கள். பாயிண்ட் தட்டு நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். நழுவித் திரும்பினால் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது.

புஷ்ஷோ டயாஃப்ரமோ போயிருந்தாலும் ஒரிஜினலைத் தூக்கி எறியாதீர்கள். அதன் உடம்பில் ஐந்து இலக்க எண் அடித்திருக்கும். அது உங்கள் இஞ்சினுக்கு உரியதுதானா என்று பார்த்து, அங்கேயே உங்கள் வண்டியின் லூகாஸ் 25டி4 மாடல் டிஸ்ட்ரிபியூட்டரைப் புதுப்பித்துத் தருபவரிடம் கொடுங்கள். டெஸ்ட் பெஞ்சில் ஓட்டி அட்வான்ஸ் அளவை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தராதவர் நமக்கு வேண்டாம். என் ஓட்டு இதற்குத்தான்.

மலிவுப் புதியதில் நான் ஒருமுறை சூடுபட்டேன். 'இது எந்த இஞ்சினுக்கான அட்வான்ஸ்?' என்று கேட்டேன். 'எல்லாத்துக்கும் போடலாம் சார்' என்றார் கடைக்காரர். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். மூன்றே மாதத்தில் ஒரு ஸ்பிரிங் கழன்று உள்ளே கிடந்தது.

எலக்ட்ரானிக் என்றால் முழு யூனிட்டாகப் போடுங்கள். நெதர்லாந்தின் '123' போன்றவற்றில் அட்வான்ஸ் கணக்கைத் தேர்ந்தெடுக்கலாம். பழைய டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்டுக்குப் பதில் ஒரு மாட்யூல் வைப்பது, ஆடுகிற தண்டுக்கு வைத்தியம் ஆகாது. உங்கள் வருடத்து வண்டி நெகட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் நெகட்டிவ் முனை வண்டியின் உடம்போடு இணைந்தது. 1967 வரை வந்தவை பாசிட்டிவ் எர்த். மாற்றி இணைத்தால் யூனிட் புகைந்துவிடும்.

எதை வாங்கினாலும் ரோட்டாரில் கஞ்சத்தனம் வேண்டாம். ரிவெட் அடித்த மட்ட ரக ரோட்டார்களில், அந்த ரிவெட் வழியாகவே கரண்ட் தண்டுக்கு இறங்கி, நடுவழியில் வண்டி நின்றுவிடும். ரிவெட் இல்லாத சிவப்பு ரோட்டார் கிடைக்கிறது, அதைப் போடுங்கள்.

மாமா அம்பாசடர் டிஸ்ட்ரிபியூட்டரை ஏற்கெனவே வாங்கிவிட்டால் எனக்குத் தரச் சொல்லுங்கள். பட்டறையில் இன்னும் இரண்டு அம்பாசடர் நிற்கிறது.