டேப் மாறியதா, காது மாறியதா?

கேள்வி: 'தி கான்வர்சேஷன்' (1974) வாட்டர்கேட் (அமெரிக்க அதிபர் நிக்சனைச் சிக்கவைத்த ஒட்டுக்கேட்பு ஊழல்) பரபரப்பில் காசு பார்க்க எடுத்த படம்தானே? ஆய்வுக்கூடத்தில் ஒரு மாதிரி கேட்ட டேப் வசனம் கடைசியில் வேறு மாதிரி ஒலிக்கிறது. டேப் எப்படி மாறும்? பித்தலாட்டம் இல்லையா?

பதில்: முடிவு தெரியக் கூடாது என்பவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.

இயக்குநர் கப்போலா இந்தக் கதையை யோசிக்கத் தொடங்கியது 1960-களில். படப்பிடிப்பு ஆரம்பம் 1972 நவம்பர். நிக்சன் தன் அலுவலகப் பேச்சையே ரகசியமாகப் பதிவு செய்தது செனட் விசாரணையில் அம்பலமானது அதற்கும் பின்னால், 1973 ஜூலையில். தவிர, கதையில் நடக்கும் உளவு வேலை அரசாங்கத்துக்காக அல்ல. நாயகன் ஹாரி கால் (Harry Caul) கூலிக்கு ஒட்டுக்கேட்பவன்; சான் ஃபிரான்சிஸ்கோவின் யூனியன் சதுக்கத்தில் ஒரு ஜோடி பேசுவதை டேப்பில் பிடிக்கிறான். கூலி கொடுப்பவர் ஒரு கம்பெனி டைரக்டர்.

இனி டேப். அதில் அந்த ஜோடியில் ஆண் சொல்வது: "வாய்ப்புக் கிடைத்தால் நம்மைக் கொன்றுவிடுவான்." முதலில் அழுத்தம் 'கொன்று' மேல், ஜோடி பயப்படுகிறது. கடைசியில் 'நம்மை' மேல். நாம் முந்திக்கொள்வோம் என்றாகிவிடுகிறது. இரண்டும் வெவ்வேறு பதிவுகளேதான். யூனியன் சதுக்க இரைச்சலைத் தவிர்க்க, ஒலியமைத்த வால்டர் மர்ச் நடிகர்களை அமைதியான பூங்காவுக்குக் கூட்டிப்போய் மறுபடி பேசவைத்தார். ஒரு தடவை, ஜோடியில் ஆணாக நடித்த ஃபிரெடரிக் ஃபாரஸ்ட் அழுத்தத்தை மாற்றிச் சொன்னார். தப்பு என்று ஒதுக்கிய அதையே மர்ச் பின்னால் முடிவில் வைத்தார்.

ஆனால் ஒன்றைக் கவனிக்கவில்லையே நீங்கள்! அந்த இடத்தில் எந்த டேப்பும் ஓடவில்லை. ஹாரியிடமிருந்து அது எப்போதோ களவு போய்விட்டது. ஓடுவது அவன் மண்டைக்குள். அப்படியானால் முதலில் கேட்டது? என்னைக் கேட்டால், அதுவும் அவன் காதுதான். பழைய வேலை ஒன்றில் மூன்று கொலை விழுந்த குற்றவுணர்ச்சியோடு கேட்கும் காது.

பித்தலாட்டம் தேடுவதென்றால் ஆய்வுக்கூடத்தில் தேடியிருக்கலாம். மூன்று மைக், மூன்று டேப், ஒன்றில் குரல் அமுங்கும்போது இன்னொன்றை ஏற்றுவது: இதெல்லாம் அசல் தொழில். அதிலும் சிக்கல் உண்டு. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். நூறு மீட்டர் தள்ளியிருக்கும் மைக்குக்குக் குரல் ஏறக்குறைய 0.3 நொடி பிந்தி வரும். ஆகவே மூன்றையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டால் எதிரொலி மாதிரி குழம்பும். ஒவ்வொன்றையும் நகர்த்திப் பொருத்த வேண்டும். மோட்டார் வேகம் துளி பிசகினால் பொருத்தியதும் சிறிது நேரத்தில் விலகிவிடும். இதுவரை நியாயம். பிறகு ஹாரி ஒரு பெட்டியை மாட்டித் திருகியதும் தெரு வாத்தியம் ஒதுங்கிக் குரல் பளிச்சென்று வருகிறதே, அதுதான் கப்சா. வாத்தியமும் குரலும் ஒரே அலைவரிசையில் இருந்தால் ஃபில்டர் இரண்டையும் சேர்த்தே வெட்டும்.

மறுபடி பார்ப்பதானால் ஹெட்போனில் பாருங்கள், சப்டைட்டிலை அணைத்துவிட்டு. எழுத்தில் அழுத்தம் தெரியாது. வாசித்துக்கொண்டே பார்த்தால் திருப்பம் நழுவிவிடும்.