பெரோவ்ஸ்கைட் ஃபிலிமுக்கு மேற்பூச்சு கொடுத்தால் ஈரம் தாங்குமா?

சோலார் செல்லில் ஒளியை உறிஞ்சும் பெரோவ்ஸ்கைட் வகைப் படிகமான மெத்தில் அமோனியம் லெட் அயோடைடின் ஃபிலிம் ஈரக்காற்றில் கெட்டுப்போகிறது, மேலே எதையாவது பூசித் தடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தடுக்கலாம், ஓரளவுக்கு.

ஒரு மழைக்காலத்தில் நான்கு ஃபிலிம்களை குளோவ் பாக்ஸுக்கு (ஈரம் புகாத மூடிய பெட்டி) வெளியே மறந்துவிட்டு இரண்டு நாள் லீவில் போய்விட்டேன். திரும்பி வந்தால் நடுவில் மட்டும் கறுப்பு, ஓரமெல்லாம் மஞ்சள். அந்த மஞ்சள்தான் ஃபிலிம் சிதைந்து மிஞ்சிய லெட் அயோடைடு. ஈரம் முதலில் படிகத்துக்குள் புகுந்து, அது ஹைட்ரேட், அதாவது தண்ணீர் சேர்ந்த படிகம் ஆகிறது. அந்தக் கட்டத்தில் உலர்த்தினால் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். மெத்தில் அமோனியம் வெளியேறிவிட்டால் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது.

2014-இல் ஸ்டான்ஃபோர்டில் ஹேமமாலா கருணாதாச குழுவினர் பென்சீன் வளையம் கொண்ட ஃபீனெத்தில் அமோனியம் என்ற பெரிய அயனியைக் கலந்து அடுக்கு வடிவப் பெரோவ்ஸ்கைட் செய்தார்கள். 52% ஈரப்பதத்தில் 46 நாள் தாக்குப்பிடித்தது. ஆனால் ஒளியை மின்சாரமாக்கும் செல்லின் திறன் 4.73% தான், அடுக்குகளின் குறுக்கே மின்னூட்டம் எளிதில் நகராது. சரி, முழு ஃபிலிமையும் அப்படிச் செய்வானேன், மேல்தோலை மட்டும் மாற்றினால் போதாதா? ஃபீனெத்தில் அமோனியம் அயோடைடை ஐசோபுரொப்பனாலில் கரைத்து, ஆறிய ஃபிலிமை ஸ்பின் கோட்டரில் வேகமாகச் சுற்றவிட்டு, சுற்றும்போதே மேலே விடுவது இதற்காகத்தான். அமோனியத் தலை மேற்பரப்பின் காலியிடங்களில் உட்கார்ந்துகொள்ளும், தண்ணீர் பிடிக்காத பென்சீன் வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

மில்லிலிட்டருக்குச் சில மில்லிகிராம் போதும். கை தாராளமானால் மின்னோட்டம் குறையும். ஐசோபுரொப்பனால் பாட்டிலை அடிக்கடி திறந்து மூடியிருந்தால் அதுவே ஈரம் இழுத்திருக்கும். நான் ஒரு முழு பேட்ச்சை அப்படித்தான் கெடுத்தேன்.

தண்ணீர்த்துளி முத்துப்போல உருண்டு நிற்கும் போட்டோவைப் பார்த்து மட்டும் ஏமாறாதீர்கள். ஃபிலிமைக் கெடுப்பது துளி இல்லை, ஆவி. அது ஓரத்திலும் படிகங்களின் இடுக்கிலும் நுழையும். சூட்டில் இந்த மேற்பூச்சு மூலக்கூறுகளும் மெல்ல உள்ளே நகர்ந்துவிடும். 85 டிகிரி, 85% ஈரப்பதத்தில் 1000 மணி நேரம் என்ற சோலார் பேனல் சோதனைக்குக் கண்ணாடி மூடியும் ஓரத்தில் பியூட்டைல் ரப்பரும் வேண்டும்.

முதலில் ஒரு டப்பாவில் சாப்பாட்டு உப்பின் கெட்டிக் கரைசலை வையுங்கள், அடியில் கொஞ்சம் உப்பு கரையாமல் நிற்கட்டும். டப்பாவை மூடினால் உள்ளே ஈரப்பதம் 75% அளவில் நிற்கும். பூசியது ஒன்று, பூசாதது ஒன்று இரண்டையும் அதில் வைத்து, தினமும் எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷனில் (எக்ஸ்ரே சிதறும் கோணத்தை வைத்துப் படிகத்தை அடையாளம் காணும் சோதனை) 12.7 டிகிரி கோணத்தின் பக்கம் லெட் அயோடைடின் உச்சம் எழுகிறதா என்று பாருங்கள்.