குடியைக் குறைத்தும் பணம் மிஞ்சவில்லையே, ஏன்?

கேள்வி: எனக்கு வயது 38. ஆறு மாதமாகக் குடியைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். மிஞ்சும் பணத்தை மகளின் படிப்புக்குப் போடலாம் என்பது எண்ணம். ஆனால் மாதக் கடைசியில் கணக்கில் ஒன்றும் நிற்பதில்லை. கூல்டிரிங்ஸ் கொஞ்சம் அதிகமாகிவிட்டது, அதெல்லாம் ஒரு செலவா? பழைய மாதம் ஒன்று, போன மாதம் ஒன்று என இரண்டு வங்கி அறிக்கைகளை இணைத்திருக்கிறேன்.

பதில்: இத்தனை வருடப் பழக்கத்தைப் பாதியாக்கியிருக்கிறீர்கள். அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அந்த உழைப்புக்கான பலன் உங்கள் மகளுக்குப் போய்ச் சேரவில்லையே என்றுதான் எனக்கு வருத்தம்.

இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பென்சிலால் குறித்துக்கொண்டே போனேன். பழைய மாதத்தில் மது வாங்கிய நாள் எட்டு. எட்டு நாளும் அதற்கு அடுத்த வரியிலேயே கலந்து குடிக்கக் கூல்டிரிங்ஸ். போன மாதம் அந்த ஜோடி நான்காகக் குறைந்திருக்கிறது. சரி. ஆனால் மாலை நான்கு மணிக்கு ஒன்று, இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்று என்று 37 சின்னச் சின்ன வரிகள் புதிதாக முளைத்திருக்கின்றன. கூட்டிப் பார்த்தால், மதுவில் நீங்கள் மிச்சம் பிடித்த ஒவ்வொரு 100-லும் 70 அங்கே போய்விட்டது.

பலருக்கும் இப்படித்தான் நடக்கிறது. மதுவும் இனிப்புப் பானமும் சில நேரம் கைகோத்து வரும்: ஒன்று வாங்கினால் மற்றதும் கூடையில் ஏறும். சில நேரம் ஒன்றின் இடத்தில் மற்றது வந்து உட்காரும். குடியைக் குறைப்பவர்களுக்கு இனிப்பின் மேல் ஆசை கூடுவது மருத்துவர்கள் அடிக்கடி பார்ப்பதுதான். அதனால் பட்ஜெட்டில் இரண்டுக்கும் தனித்தனித் தலைப்பு வேண்டாம். 'பானம்' என்று ஒரே தலைப்பு, ஒரே வரம்பு. அப்போதுதான் ஒன்று இறங்கி மற்றது ஏறுவது கண்ணில் படும்.

உடம்புக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் அதுவும் பணக் கணக்காகத்தான் வரும். 330 மில்லி கோலாவில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை. உணவில் சேர்க்கும் சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள் இருப்பது இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே சொன்னது. சர்க்கரை இல்லாத டயட் பானத்தைக் கலந்துகொள்ளலாமே என்றும் நினைக்க வேண்டாம். சர்க்கரை இல்லாவிட்டால் மது இரைப்பையிலிருந்து சீக்கிரம் இறங்கி, ரத்தத்தில் வேகமாக ஏறும்.

டேர்ம் இன்சூரன்ஸ் (குறிப்பிட்ட காலத்துக்கான ஆயுள் காப்பீடு) எடுக்கும்போது மதுப் பழக்கத்தையும் கேட்பார்கள், சர்க்கரை நோயையும் கேட்பார்கள். இரண்டில் எது இருந்தாலும் பிரீமியம் ஏறலாம். மறைத்தால் குடும்பம் க்ளெய்ம் கேட்கும் நேரத்தில் நிராகரிக்கப்படலாம். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

இப்போது மகளின் பணம். மாதக் கடைசியில் மிஞ்சுவதைப் போடலாம் என்று காத்திருக்காதீர்கள், மிஞ்சவே மிஞ்சாது. சம்பளம் வந்த மறுநாளே தானாகப் போகும்படி வங்கியில் சொல்லி வையுங்கள். மாதம் 1,000 வீதம் 15 ஆண்டு போட்டால் நீங்கள் கட்டுவது 1,80,000. ஆண்டுக்கு 8 சதவீதம் வளர்ச்சி கிடைத்தால் அது ஏறக்குறைய 3,46,000 ஆகியிருக்கும். எந்த நாட்டுப் பணமானாலும் கணக்கு இதுதான்.

முதல் மாதமே மிச்சம் முழுவதையும் பூட்டிவிடாதீர்கள். மாலை நான்கு மணி ஆசையை ஒரே நாளில் நிறுத்த முடியாது. பாதியில் தொடங்கி, அந்த 37 வரிகள் 20 ஆனதும் தொகையை ஏற்றுங்கள்.

மீதிக் குடியையும் விட நினைத்தால், ஒரு நாள் குடிக்காதபோது கை நடுங்குகிறதா, வியர்க்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. முதலில் மருத்துவரைப் பாருங்கள். அந்தச் செலவைப் பானத் தலைப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள், மகளின் பணத்தில் கை வைக்க வேண்டாம்.