அப்பாயி பாட்டையும் சேத்து அழிச்சிட்டேன்

அக்கா, எனக்கு 23 வயசு, வலங்கைமான் பக்கம், பிஎட் படிக்க கும்மோணம் பஸ்ல போயிட்டு வரேன். குறுவை நடவப்ப அப்பாயி பாடுனத இன்ஸ்டால போட்டேன், நானும் சேத்துல நிப்பேன், நல்லா ஓடுச்சு. ஒருத்தன் ஃபேக் ஐடில அதுல என்ன மட்டும் ஜூம் பண்ணி அசிங்கமா எழுதிப் போட்டான், அப்புறம் துணியில்லாத உடம்புல என் மூஞ்சிய ஒட்டி அனுப்பி, வீடியோ கால் வா இல்லன்னா உங்கண்ணனுக்கு போவும்ங்கிறான், எங்க தெரு மதக கூட சரியா சொல்றான், பஸ்ல யாரு பாத்தாலும் இவனோன்னு இருக்கு. மெசேஜ் சத்தம் கேட்டாலே கை நடுங்குது. அம்மாகிட்ட பாதி சொன்னேன், உன்ன யாரு வீடியோ போடச் சொன்னான்னாங்க, அதோட நிறுத்திட்டேன். ஒம்போது நாளைக்கு முன்னாடி எல்லா வீடியோவையும் அழிச்சேன். போட்டது என் தப்பா?

தங்கச்சி, இல்ல. சேத்துல நிக்கிற பொம்பளைங்கள நம்மூர்ல காலங்காலமா ரோட்ல போறவங்கல்லாம் பாத்துட்டுதான் போறாங்க, அதுல அசிங்கத்த ஒட்டவச்சவன் அவன்.

கை நடுங்குறது உடம்பு அடிக்கிற அபாய மணி, கோழைத்தனம் இல்ல. நோட்டிஃபிகேஷன் சத்தத்த நிறுத்து, ராத்திரி ஃபோன வேற ரூம்ல வை. தூக்கமே வரலன்னா, செத்துடலாம்னு ஒரு தடவ தோணுனாலும், 14416க்கு அடி, அது அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், தமிழ்லயே பேசுவாங்க, காசு கெடையாது. மதகு உன் வீடியோ பின்னாடியே தெரிஞ்சிருக்கலாம், ஊர்க்காரனாவும் இருக்கலாம், கண்டுபிடிக்கிறது போலீஸ் வேல, பஸ்ல நீ மூஞ்சி மூஞ்சியா தேடாத.

அவனுக்கு பதில் போடாத, கெஞ்சவும் வேணாம். கெஞ்சுனா விட்டுடுவான்னு தோணும், பயந்துட்டான்னுதான் எடுத்துப்பான். பிளாக் பண்றதுக்கு முன்னாடி ஐடி பேரு, லிங்க், தேதி நேரம் தெரியுற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடு, அந்தப் படத்தையும் அழிக்காத (பாக்கவே கூசும், தெரியும்), அதுதான் சாட்சி. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்ல பெண்களுக்கு தனிப் பிரிவு இருக்கு, பேரு சொல்லாமயும் போடலாம், ஆனா கேஸ் எங்க நிக்குதுன்னு பாக்க பேரோட போடறதுதான் நல்லது. உள்ளூர் ஸ்டேஷன் வேணாம்னா கும்மோணத்துலயே குடு, எந்த ஸ்டேஷன் எல்லைன்னு பாக்காம எங்க வேணாலும் கேஸ் பதிவு பண்ணலாம், அதுக்கு ஜீரோ எஃப்ஐஆர்னு பேரு. ஆபாசப் படத்துக்கு தகவல் தொழில்நுட்ப (ஐடி) சட்டம் 67ஆவது பிரிவு, விடாம தொந்தரவு பண்றதுக்கு பிஎன்எஸ் (ஐபிசிக்கு பதிலா வந்த சட்டம்) 78ஆவது பிரிவு, முதல் தடவைக்கே 3 வருசம் வரைக்கும் ஜெயில். ஸ்டாப் என்சிஐஐ-ன்னு ஒரு தளம் இருக்கு, படத்த அப்லோட் பண்ணாமயே அதோட அடையாளக் குறியீட்ட மட்டும் எடுத்து இன்ஸ்டா மாதிரி இடங்கள்ல தடுக்கப் பாக்கும்.

அண்ணன்கிட்ட நீயே முந்திக்க, அவன் மெரட்டலே அதுலதான் நிக்குது. நேர்ல சொல்ல வாய் வரலன்னா இந்த லெட்டரயே காட்டு. அம்மா கோவத்துக்குள்ள பயம்தான் இருக்கு, அவங்கள அடுத்து பாத்துக்கலாம்.

இன்னொன்னு, இன்ஸ்டால அழிச்சது 30 நாள் வரைக்கும் ரீசன்ட்லி டெலீட்டட்ல கெடக்கும், உனக்கு 21 நாள் பாக்கி இருக்கு. திரும்ப போடணும்னு இல்ல, அப்பாயி பாட்ட மட்டும் மொதல்ல எடுத்து வச்சிக்க.