கேஸ் தீர்ந்ததைக்கூட சாமியிடம் சொல்லலாமா?

வணக்கம் சகோதரி. மழையால் வீட்டுக்காரருக்கு ஆத்தங்குடிக் கல் பட்டறையில் வேலை இல்லை, மகளுக்குக் கல்லூரிப் பணம் கட்ட வேண்டும், நடுவில் கேஸும் தீர்ந்துவிட்டது. இந்தச் சின்ன விஷயத்துக்கெல்லாம் சாமியைக் கேட்கலாமா, சொந்தக்காரர்களிடம் கேட்டால் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடுமா என்று எழுதியிருந்தீர்கள்.

தாராளமாகக் கேளுங்கள். பிள்ளையார்பட்டியில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பரீட்சை நுழைவுச்சீட்டைக் கையில் வைத்திருக்கிற பிள்ளையும், ஆபரேஷனுக்கு நாள் குறித்த பெரியவரும் கற்பக விநாயகர் முன்னால் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

உதவி கேட்பதும் தப்பே இல்லை. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற நகரத்தார் முருகனை நம்பித்தான் நடக்கிறார்கள். அதற்காக வழியில் ஒருவர் நீட்டுகிற மோரை வேண்டாம் என்பார்களா? எங்கள் வீட்டில் சிலிண்டர் தீர்ந்த ஒரு காலையில், தற்செயலாக வந்த எதிர்வீட்டு ஆச்சி பார்த்துவிட்டுத் தன் மின் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். "முதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்று திட்டும் கிடைத்தது. அந்த அடுப்பையும் சாமி அனுப்பியதாகத்தான் நான் நினைக்கிறேன்.

அப்புறம், பதறிப்போய் கந்துவட்டிக்கு மட்டும் வாங்காதீர்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை மகள் அரசுப் பள்ளியில் படித்திருந்தால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். கல்லூரி அலுவலகத்தில் அதை விசாரியுங்கள். கட்டணத்தைத் தவணையாகக் கட்டலாமா என்றும் அங்கேயே கேளுங்கள். வெள்ளிக்கிழமை கொப்புடைய அம்மனிடம் உங்கள் வீட்டுக்காகவும் வேண்டிக்கொள்கிறேன்.