டிராகுலா பகலில் வருகிறான்: பதிப்பில் தவறில்லை

வணக்கம். புதிதாக வாங்கிய ‘டிராகுலா’ நாவலில் அந்த ரத்தக்காட்டேரி வெயிலில் சாகாமல் பட்டப்பகலில் லண்டன் தெருவில் நிற்கிறான், பதிப்பில் குளறுபடியா, திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொடுக்க வேண்டாம். பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதியதே அப்படித்தான்.

நீங்கள் சொல்வது லண்டனின் பிக்காடில்லி தெருக் காட்சியாகத்தான் இருக்கும். குதிரை வண்டியில் பெரிய தொப்பியோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணை ஒருவன் வெறித்துப் பார்க்கிறான். கறுப்பு மீசை, கூர்தாடி. முன்பு டிராகுலாவின் கோட்டையில் சிக்கியிருந்த ஜோனதன், அது டிராகுலாதான் என்று அடையாளம் கண்டுகொண்டு மனைவி மினாவின் கையை வலிக்கும்படி இறுக்குகிறான். வெளிச்சத்தில் நடப்பதால்தான் அந்த இடம் எனக்கு இன்னும் பயத்தைத் தருகிறது. நாவலில் பகலில் அவன் சக்தி குறையும், அவ்வளவுதான்.

வெயில் பட்டால் சாவான் என்பது 1922இல் முர்னாவ் எடுத்த ‘நோஸ்ஃபெராட்டு’ என்ற ஜெர்மன் மௌனப் படத்திலிருந்து வந்தது. ஸ்டோக்கரின் கதையை அனுமதி வாங்காமல் எடுத்த படம். ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டார், பிரதிகளை அழிக்கச் சொல்லித் தீர்ப்பும் வந்தது. ஆனால் சில பிரதிகள் தப்பிவிட்டன. இன்று எத்தனையோ படங்களில் ஜன்னல் திரையை விலக்கியதும் ரத்தக்காட்டேரி பொசுங்குவது அதனால்தான்.

அப்புறம், காலர் தூக்கிய அந்தக் கறுப்பு மேலங்கி நாடக மேடையிலிருந்து வந்தது. புத்தகத்தில் தேடாதீர்கள்.

தயவுசெய்து பாதியில் விடாதீர்கள். மினாவின் தோழி லூசியின் கல்லறைக் காட்சி இனிமேல்தான் வரும். படித்ததும் இங்கே வந்து எழுதுங்கள்.