குறுந்தொகையும் ஒரு போத்தல் கலங்கல் நீரும்

வணக்கம் சேர். தரம் 10 பிள்ளைகள் குறுந்தொகைக்கு வழிகாட்டி நூலின் பொழிப்பையே எழுதித் தருகிறார்கள், பாதி வீடுகளில் கைப்பேசியும் இல்லை, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். அட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் நானும் இதே பாடு பட்டவள்தான்.

புதிய செயலி எதையும் தேட வேண்டாம். 40ஆம் பாடலை எடுங்கள், 'செம்புலப் பெயல்நீர்' வருவது; காதலர் நெஞ்சங்கள் கலந்ததைச் செம்மண்ணில் பெய்த மழைநீருக்கு ஒப்பிடுவது. ஐந்தே வரிகள். நால்வருக்கு ஒரு கைப்பேசி கிடைத்தால் போதும். மழை விட்டதும் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பின்னால் செம்மண்ணில் நீர் கலந்து ஓடுவதை 20 விநாடி காணொளியாக எடுத்து, அதன்மேல் பாடலைத் தங்கள் குரலில் பதிவு செய்யட்டும். மலையகத்தில் மழைக்கா பஞ்சம்!

என் வகுப்பில் ஒரு குழு அந்த நீரைப் போத்தலில் பிடித்து வந்து, "இனி மண்ணையும் நீரையும் பிரித்துக் காட்டுங்கள் டீச்சர்" என்றது. உவமை விளக்கத்துக்கு முழுப் புள்ளி கொடுத்துவிட்டேன். மறுநாள் பார்த்தால் மண் அடியில் தங்கியிருந்தது! அப்படியானால் உவமை பொய்யா என்று அரைமணி நேரம் வாதம் நடந்தது. அதைத்தான் பதிவு செய்யாமல் விட்டுவிட்டேன்.

காணொளியின் அழகுக்குப் புள்ளி போடாதீர்கள். விலை கூடிய கைப்பேசிதான் வெல்லும். மாறாக, 'ஆற்று நீர் என்னாமல் மழைநீர் என்றது ஏன்?' என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, ஒரு நிமிடப் பதிலை உங்கள் கைப்பேசியிலேயே பதிவு செய்யுங்கள். மனப்பாடம் செய்தவரைக் குரலே காட்டிக்கொடுக்கும். சிக்னல் இல்லாத இடத்தில் காணொளிகளை புளூடூத்தில் வாங்கிக்கொள்ளலாம், டேட்டா செலவில்லை.